விண்டோஸ் 10 நின்ற பிறகு: பழைய கணனியைத் திருத்துவதா, மாற்றுவதா?

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதனால் எந்தக் கணனியும் அணைந்துபோகவில்லை. மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று வீடுகளிலும் ரியூஷன் வகுப்புகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் அதே விண்டோஸ் 10 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் திருத்தக் கொண்டுபோகிறவருக்குக் கிடைக்கும் பதில் மாறிவிட்டது: "இது இனிச் சரிவராது, புதுசு எடுங்க." சில கணனிகளுக்கு அந்தப் பதில் சரி. பலவற்றுக்குச் சரியில்லை.

இரண்டு வியாதிகளை ஒன்றாகக் கட்டிக் கதைப்பதால்தான் குழப்பம். கணனி மெதுவாக ஓடுவது ஒன்று. விண்டோஸுக்குத் திருத்தம் வராமல் நின்றது மற்றது. முதலாவதுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். இரண்டாவதுக்குக் காரணம் வெறும் திகதி. டிஸ்கை மாற்றினால் வேகம் வரும், திருத்தம் வராது. அதே பழைய டிஸ்கில் விண்டோஸ் 11ஐ ஏற்றினால் திருத்தம் வரும், வேகம் இன்னும் விழும். உங்கள் கணனிக்கு எந்த வியாதி, அல்லது இரண்டுமா என்று தெரியாமல் காசை வெளியே எடுக்கவேண்டாம்.

நின்றது எவ்வளவு என்பதையும் அளவாக விளங்கிக்கொள்ளலாம். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபென்டரின் வைரஸ் அடையாளங்கள் 2028 ஒக்டோபர் வரை விண்டோஸ் 10க்கு வரும். எட்ஜ் உலாவிக்கும் குறைந்தது அதுவரை ஆதரவு உண்டு. ஆனால் விண்டோஸின் அடிப்பகுதியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இவை இரண்டும் அடைக்கமாட்டா. ஒன்லைன் வங்கிக் கணக்குத் திறக்கும் கணனியை இப்படியே விட்டுவைப்பது கூடாது. இணையம் இல்லாமல் பில் மட்டும் அடிக்கும் கடைக் கணனிக்கு அந்த அவசரம் இல்லை. ஊரிலுள்ள பென் டிரைவ் எல்லாம் அதில் ஏறி இறங்கினால் மட்டும் அதுவும் அவசரமாகிவிடும்.

முதலில் பத்து நிமிடப் பரிசோதனை

கணனியைப் போட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். பிறகு கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போங்கள். டிஸ்கின் பெயருக்குக் கீழேயே அது ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) என்று போட்டிருக்கும். நீங்கள் எதையும் திறக்காதபோதும் டிஸ்க் 100 வீதத்தில் நின்று, வேகம் மட்டும் வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால், மெதுவின் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மெமரியில் மொத்தம் 4 ஜிபி, அதில் 80 வீதத்துக்கு மேல் எப்போதும் நிரம்பியிருந்தால் அது இரண்டாவது காரணம்.

அதே இடத்தில் புரொசஸரின் முழுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் "கோர் ஐ5" ஸ்டிக்கரால் பயனில்லை; கோடுக்குப் பின்னுள்ள எண்தான் கதை சொல்லும். ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10210யூ என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 10ஆம் தலைமுறை என்று வாசிக்கவேண்டும். இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11க்கு அனுமதி இல்லை. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும், அதற்குள்ளும் சில விலக்குகள் உண்டு. மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு செயலி "ஆம், இல்லை" என்று காரணத்தோடு சொல்லும்.

டிஸ்கின் உடல்நிலையைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலம் நல்லது. மஞ்சள் வந்து, "பென்டிங் செக்டர்" வரியில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், வேறு எந்த வேலையும் தொடங்காமல் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் விண்டோஸைத் திரும்பத் திரும்ப மீளத் தொடங்குவதே டிஸ்கைக் கொல்லும்.

கணனி கிழடாகிவிட்டது என்று நம்பவைக்கும் சில போலி அறிகுறிகளும் உண்டு. இவற்றில் முதலிடம் சார்ஜருக்கு. டெல் லெப்டொப்பின் சார்ஜரில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும்; சார்ஜர் எத்தனை வாட் என்று லெப்டொப்புக்குச் சொல்வது அதுதான். அந்த ஊசி வளைந்தாலோ, மலிவு மாற்றுச் சார்ஜரைப் போட்டாலோ லெப்டொப்பால் அதை அடையாளம் காண முடியாது. அப்போது பற்றரியை ஏற்றாது, புரொசஸரையும் வேண்டுமென்றே குறைந்த வேகத்தில் ஓட்டும். ஆள் நினைப்பது "லெப்டொப் செத்துவிட்டது" என்று. தேவையானது அந்த லெப்டொப்புக்கு உரிய வாட்டுள்ள ஒரு சரியான சார்ஜர். அடுத்தது மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 நாணயப் பற்றரி. அது இறங்கினால் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை என்று கத்தும். இதற்காக விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது எங்கள் பக்கத்துக்கே உரியது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள வீடுகளில் உப்புக்காற்று ரேம் என்ற மெமரி அட்டையின் தங்கநிறப் பற்களில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். மாரி காலத்தில் சில நாள் போடாமல் வைத்த டெஸ்க்டொப் திடீரென்று பீப் பீப் என்று கத்தி, திரை கறுப்பாகவே நின்றால், பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, ரேமைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்து, இரு பக்கமும் "டிக்" என்று கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

எஸ்எஸ்டியும் ரேமும்: காசுக்கு அதிக பலன்

டிஸ்க் 100 வீதத்தில் நின்ற கணனிக்கு முதல் மருந்து எஸ்எஸ்டிதான். வேறு எந்தத் தெரிவை எடுத்தாலும் இதைத் தாண்டிப் போகமுடியாது. விண்டோஸ் 10இல் நின்றாலும், 11க்குப் போனாலும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினாலும் இந்தச் செலவு வீணாகாது. லெப்டொப்பில் வரும் 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் பெரிய கோப்பொன்றை நேராக வாசிக்கும்போது வினாடிக்கு 100 எம்பி அளவில் ஓடும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடித் தேடி வாசிப்பது. அந்த வேலையில் அதே டிஸ்க் ஒரு எம்பி அளவுக்கு இறங்கிவிடும், ஏனெனில் வாசிக்கும் ஊசி ஒவ்வொரு முறையும் இடம் மாறவேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. சாட்டா வகை எஸ்எஸ்டி நேர் வாசிப்பில் 500 எம்பியைத் தொடும்; சின்னக் கோப்பு வேலையில் ஹார்ட் டிஸ்கைப் பல பத்து மடங்கு முந்தும்.

வாங்குமுன் எந்த வகை என்று பாருங்கள். 2018க்கு முந்திய பெரும்பாலான லெப்டொப்புகளுக்கும் டெஸ்க்டொப்புகளுக்கும் 2.5 அங்குலம், 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாட்டா எஸ்எஸ்டி சரி. எம்2 துளை இருந்தால் கவனம்: பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் எம்2 அட்டைகளில் சாட்டா, என்விஎம்ஈ என்று இரு இனம். சாட்டா மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்ஈ அட்டையைப் போட்டால் பயோஸ் (கணனியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அதைக் காணவே காணாது. மொடல் பெயரைக் கொடுத்து உற்பத்தியாளரின் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கொள்ளளவு 240 ஜிபி போதும் என்று சொல்வார்கள். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஒஃபிஸும் ஏறியபின் மிச்சம் சுருங்கும். 480 அல்லது 500தான் நிம்மதி. பெயர் தெரியாத பெட்டியில் "2 டிபி" என்று மிக மலிவாக வந்தால் அது பெரும்பாலும் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு. நிரம்பத் தொடங்கும்போது பழைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும்.

பழைய டிஸ்கை அப்படியே புதியதற்குக் குளோன் பண்ணலாம். யூஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று, குளோன் மென்பொருள் ஒன்று, இரண்டு மூன்று மணித்தியாலம். 1 டிபி டிஸ்கிலிருந்து 480 ஜிபிக்குப் போகிறீர்கள் என்றால், பாவித்த அளவு 400 ஜிபிக்குக் கீழே வரும்வரை படங்களையும் வீடியோக்களையும் முதலில் வெளியே எடுங்கள். இங்கே அதிகம் நடக்கும் பிழை, குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்கும் செருகியபடியே கணனியைப் போடுவது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். பெரும்பாலும் பழைய டிஸ்கிலிருந்தே தொடங்கிவிடும், "எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை" என்ற முறைப்பாடு அப்படிப் பிறப்பது. பழையதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் முதல்முறை போடுங்கள்.

பென்டிங் செக்டர் உள்ள டிஸ்கைக் குளோன் பண்ண முயலவேண்டாம். பாதி வழியில் நிற்கும். கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சுத்தம். முறையாகச் செயல்படுத்தப்பட்ட விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது என்பதால், முன்பு ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என்று அதே பதிப்பைத் தெரிவுசெய்தால் போதும். இணையத்தில் சேர்ந்ததும் தானாகச் செயல்படும். கடையில் "கீ"க்குத் தனிக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ரேமில் இலக்கு 8 ஜிபி. இங்கே தவறுவது வகையில். 4ஆம், 5ஆம் தலைமுறை லெப்டொப்புகள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும், 1.5 வோல்ட் சாதாரண டிடிஆர்3 அதே துளையில் பொருந்தும், ஆனால் பல லெப்டொப்புகள் தொடங்கமாட்டா. டிடிஆர்4 அட்டையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது பொருந்தவே பொருந்தாது, அழுத்தவேண்டாம். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயன்படாது, முதலில் 64 பிட் போடவேண்டும்.

ஒரு கெட்ட செய்தி. 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் உலகின் மெமரி உற்பத்தியை வாரி எடுத்ததால் ரேம் விலையும், அதன் பின்னால் எஸ்எஸ்டி விலையும் ஏறின. மைக்ரோன் நிறுவனம் வீட்டுப் பாவனையாளருக்கு விற்றுவந்த குரூஷல் என்ற ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. எனவே பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடவேண்டாம். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள், ரேம் பொறுக்கும். டிடிஆர்3 தேவைப்படுகிறவர் பாவித்த அட்டையை வாங்கலாம். ரேம் எளிதில் தேயும் பொருளல்ல. கடையிலேயே போட்டு மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தால் சரி.

2026 ஒக்டோபர் வரை இழுப்பது

விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை வீட்டுக் கணனிகளும் 2026 ஒக்டோபர் 13 வரை பெறலாம். மூன்று வழி: 30 டொலர் கட்டுவது, மைக்ரோசொப்ட் ரிவோர்ட்ஸில் 1000 புள்ளி கொடுப்பது, அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணனியின் அமைப்புகளை ஒத்திசைக்க விடுவது. மூன்றாவது இலவசம், அதுவே போதும். கணனி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்கவேண்டும். கணக்கு நிர்வாகி உரிமை உள்ளதாக இருக்கவேண்டும், பிள்ளைக்கென்று உருவாக்கிய கணக்கில் முடியாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவுசெய்யும் இணைப்பு தெரியும். பிந்திச் சேர்ந்தாலும் இடையில் தவறிய திருத்தங்கள் வந்துசேரும். ஒரே கணக்கில் 10 கணனி வரை சேர்க்கலாம், ஆகவே குடும்பத்தில் ஒருவர் செய்தால் மற்றவர்களுக்கும் ஆகும்.

டொங்கிளில் இணையம் பாவிக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவின்போது வன்டிரைவ் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மேலே ஏற்றவா என்று கேட்கும். அங்கே எல்லாக் கோப்புறைகளையும் நிறுத்திவிட்டு அமைப்புகளை மட்டும் விடுங்கள். இல்லாவிட்டால் 5 ஜிபி இலவச இடம் ஒரே இரவில் நிரம்பும், மாதத்து டேட்டாவும் அதோடு போகும்.

இது அவகாசம் வாங்கும் வழி. உயர்தரப் பரீட்சை முடியும்வரை, அல்லது நெல் விற்ற காசு கைக்கு வரும்வரை கணனியைக் காப்பாற்ற நல்லது.

விண்டோஸ் 11ஐ ஏற்றுவது

பிசி ஹெல்த் செக் "டிபிஎம் இல்லை" என்று சொன்னதும் மனம் தளரவேண்டாம். 2018இலிருந்து 2020 வரை உதிரிப்பாகம் சேர்த்துப் பூட்டிய டெஸ்க்டொப்புகளில் டிபிஎம் என்ற அந்தப் பாதுகாப்பு வசதி இருக்கும், பயோஸில் அணைத்திருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். புரொசஸர் 8ஆம் தலைமுறையோ மேலோ என்றால் அதை இயக்கி, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பையும் போட்டால் விண்டோஸ் 11 முறையாக, இலவசமாக வரும். சிக்கல் ஒன்றுதான்: டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் பயோஸை யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாற்றியதும் தொடங்காது. விண்டோஸோடே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை மாற்றிவிட்டுப் பிறகு பயோஸைத் தொடுங்கள். ஒழுங்கு மாறினால் கறுப்புத் திரைதான். டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்கும் லெப்டொப்பில் பயோஸைத் தொடுமுன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதிவையுங்கள். மைக்ரோசொப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் அது இருக்கும். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்டால் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது, எந்தக் கடை எவ்வளவு கேட்டாலும் சரி.

6ஆம், 7ஆம் தலைமுறைக் கணனிகளுக்கு ரூஃபஸ் மென்பொருளால் தயாரித்த பென் டிரைவில் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம். ஓடும். ஆனால் மைக்ரோசொப்ட் இதற்குப் பொறுப்பெடுக்காது. மாதாந்தத் திருத்தங்கள் நடைமுறையில் வந்தாலும், ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் 5 ஜிபிக்கு மேல் இறக்கிக் கையால் ஏற்றவேண்டும். அதைச் செய்துதர வீட்டில் ஆள் இருந்தால் சரி. ஒருமுறை கடையில் கொடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடப் போகிறவர் இந்த வழியை எடுக்கக்கூடாது. எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இல்லாத கணனியிலும் கூடாது.

"கிரக்" போட்ட விண்டோஸ் 11 இன்னொரு வகை. உரிமம் இல்லாமல் விண்டோஸைச் செயல்படுத்தும் அந்தக் கருவிகள் ஓடுவதற்கு டிஃபென்டரை அணைக்கச் சொல்லும். பாதுகாப்புக்காக மாறப்போய்க் காவலாளியையே வெளியே அனுப்பும் வேலை அது.

லினக்ஸ் மின்ட்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

3ஆம், 4ஆம் தலைமுறைக் கணனி, எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்தான் கண்ணியமான வழி. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேமில் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, 8 என்றால் சின்னமன். 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணனியில் நிறுவாமலே தொடங்கிப் பார்க்கலாம். இந்த வசதியைக் கட்டாயம் பாவியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, சூம் வகுப்புக்கு மைக் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா. இவ்வளவும் சரியென்றால் நிறுவலாம். வைஃபையில் பிரச்சினை என்றால் ஃபோனை யூஎஸ்பியில் செருகி இணையம் கொடுத்து, டிரைவர் மனேஜரைத் திறந்து பாருங்கள். புரோட்கொம் சில்லுகளுக்கு அங்கேதான் தீர்வு கிடைக்கும்.

பிரிண்டரில்தான் பலர் முட்டிக்கொள்வது. எச்பி, எப்சன் மை நிரப்பும் வகைகள் பொதுவாக இணங்கிப்போகும். கெனன் எல்பிபி2900 போன்ற சின்ன லேசர்கள் சிஏபிடி என்ற தனி மொழி பேசுபவை. லினக்ஸில் அவற்றை ஓடவைப்பது பெரிய பாடு, ஓடினாலும் அப்டேட் ஒன்றோடு நின்றுபோகும். அந்தப் பிரிண்டரை நம்பிப் பிழைக்கும் கொமியூனிகேஷன் கடை மின்ட்டுக்குப் போகவேண்டாம். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் திருமண அழைப்பும் மரண அறிவித்தலும் அடிக்கும் கடையும் அப்படியே.

வீட்டுப் பாவனைக்குத் தமிழ் தடையில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக வரும். பாமினியில் அடித்த பழைய வேர்ட் கோப்புகளும் அந்த எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவினால் லிப்ரே ஒஃபிஸில் எழுத்தாகத் தெரியும். நிறுவாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கும். பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு மைக்ரோசொப்ட் ஒஃபிஸ்தான் கேட்கிறார்கள் என்றால், வேறு லெப்டொப் எடுக்கும்வரை விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இரண்டும் வைத்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதி மின்ட்டில் வாசிக்க மட்டும் திறக்கும், எழுதவிடாது. மணிக்கூடும் ஐந்தரை மணித்தியாலம் முன்பின் ஓடும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டில் எழுதுவதால் வரும் இழுபறி அது. மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒரு வரிக் கட்டளை தீர்த்துவிடும்.

பாவித்த லெப்டொப், புது லெப்டொப்

மதர்போர்டு பழுது, திரை உடைவு, பிணைச்சல் உடைந்து மூடியே பிரிந்துவிட்டது என்றால் பழையதில் காசு போடாதீர்கள். அப்போது முதலில் பார்க்கவேண்டியது, வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட வியாபார வகை லெப்டொப்புகள்: திங்க்பேட் டி480, லட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5. எல்லாம் 8ஆம் தலைமுறைக் காலத்தவை, விண்டோஸ் 11 முறையாக ஏறும், பாகங்கள் கிடைக்கும், கழற்றிப் பூட்டுவது எளிது. ஒரு படி கீழே இருக்கும் டி470, 7480, 840 ஜி4 பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரி, 7ஆம் தலைமுறை. விலை வித்தியாசம் சிறிதென்று அதை எடுத்தால் திரும்ப இதே கட்டுரையின் தொடக்கத்தில் வந்து நிற்பீர்கள். டி480 பெயரிலேயே 7ஆம் தலைமுறைப் புரொசஸரோடு வந்தவையும் உண்டு. பெயரை விட்டு எண்ணைப் பாருங்கள்.

வாங்குமிடத்தில் செய்யவேண்டியவை: பயோஸுக்குள் போய்ப் பாருங்கள், கடவுச்சொல் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். செட்டிங்ஸில் "இந்தச் சாதனத்தை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் வரி இருந்தாலோ, புதிதாக விண்டோஸ் போடும்போது தெரியாத நிறுவனமொன்றின் பெயரோடு உள்நுழையச் சொன்னாலோ அதுவும் வேண்டாம். எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அந்தப் பூட்டு திரும்ப வரும். பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பற்றரி அறிக்கை எடுத்து, வடிவமைத்த கொள்ளளவுக்குப் பக்கத்தில் இப்போதைய முழுக் கொள்ளளவைப் பாருங்கள். 60 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையை மனத்தில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். டி480இல் பற்றரி இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டையும் பார்க்கவேண்டும். அதன் யூஎஸ்பி-சி துளைகளில் சார்ஜர், திரை, பென் டிரைவ் மூன்றையும் செருகிப் பாருங்கள். அந்தத் துளையை இயக்கும் தண்டர்போல்ட் ஃபேம்வெயரைப் புதுப்பிக்காமல் விட்ட டி480களில் அந்தத் துளை செத்துப்போவது தெரிந்த நோய்.

கொழும்பு யூனிட்டி பிளாசாப் பக்கம் விலை குறைவுதான். ஆனால் உத்தரவாதம் என்பது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. பழுதென்றால் கூரியர் செலவும் காத்திருப்பும் உங்கள் தலையில். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ முகம் பார்த்து, எழுத்தில் குறைந்தது மூன்று மாதம் உத்தரவாதம் தரும் கடையில் வாங்குவது கெட்டித்தனம்.

புதியது வாங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு வரிசையில் செலரோன் புரொசஸர், 64 அல்லது 128 ஜிபி ஈஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு, போர்டோடு ஒட்டிய 4 ஜிபி ரேம் என்று வருபவை பெட்டி திறக்கும் நாளிலேயே கிழடு. நல்ல டி480 ஒன்று அவற்றை விட எல்லா வகையிலும் மேல். காசு இருக்கிறவர் 16 ஜிபி ரேமையோ, 8 ஜிபியோடு காலியான ஒரு துளையையோ கேட்டு வாங்குங்கள். ஏஐ கணனி என்ற ஸ்டிக்கருக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

எதை எடுத்தாலும் கரண்டும் ஈரமும்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எங்கள் கரையில் பவர் சப்ளைகளை வாரிக்கொண்டு போகும். இடி கேட்டதும் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரின் அடப்டரையும் சேர்த்து; ஃபைபர் கம்பி மின்னலைக் கடத்தாது, அடப்டர் கடத்தும். டெஸ்க்டொப்புக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று கோப்பைச் சேமித்து அணைக்கும் சில நிமிடங்களைத் தரும். அதன் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம். கரண்ட் போன உடனே யூபிஎஸ்ஸும் அணைந்தால் பற்றரியை மட்டும் மாற்றுங்கள், முழுதாக வீசவேண்டாம். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் கொழுவாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது. உலோக உடல் லெப்டொப்பைத் தொடும்போது விரலில் சுரீர் என்றால் பிளக்கில் ஏர்த் இல்லை என்று அர்த்தம். பழைய வட்டப் பின் பிளக்கிலிருந்து 13 ஆம்பியர் சதுரப் பின்னுக்கு மாற்றும் மலிவு அடப்டர்கள் ஏர்த்தைத் துண்டித்துவிடுவது வழக்கம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசு, மாரியில் ஈரம். வருடத்துக்கொருமுறை காற்றாடியைத் தூரிகையால் துடையுங்கள். நான்கைந்து வருடமாகத் திறக்காத லெப்டொப்புக்குத் தேர்மல் பேஸ்டும் மாற்றுங்கள். வெள்ளம் ஏறும் வீடுகளில் டெஸ்க்டொப்பின் பெட்டியை நிலத்தில் வைக்கவேண்டாம். நனைந்துவிட்டால் "ஓடுதா பார்ப்போம்" என்று போடாதீர்கள். டிஸ்கை மட்டும் கழற்றித் திருத்துபவரிடம் கொடுத்தால் படங்களாவது மிஞ்சலாம்.

இனித் தெரிவு. 8ஆம் தலைமுறையோ மேலோ என்றால் எஸ்எஸ்டி, பிறகு முறையான விண்டோஸ் 11. 6, 7 என்றால் எஸ்எஸ்டியோடு நீட்டித்த திருத்தம். அந்த அவகாசத்துக்குள் காசு சேர்த்து 8ஆம் தலைமுறைப் பாவித்த லெப்டொப். அதற்கும் கீழே என்றால் மின்ட், ஆனால் பிள்ளையின் பாடத்துக்கோ கடையின் பிரிண்டருக்கோ விண்டோஸ் கட்டாயம் என்றால் அந்தப் பழையதில் எஸ்எஸ்டி விலையைக்கூடப் போடாமல் நேரே பாவித்த லெப்டொப்புக்குப் போங்கள்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு, குடும்பப் படங்களுக்கு இரண்டாவது பிரதியாக வையுங்கள். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்: அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கடிதமும் பிள்ளைகளின் படமும் அதில் இருக்கின்றன, வெறும் ஃபோமட் அவற்றை அழிக்காது. வயிறு வீங்கிய லெப்டொப் பற்றரியை மட்டும் வீட்டில் வைக்கவேண்டாம். குத்தாமல், அழுத்தாமல் கழற்றி, குப்பையில் போடாமல், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.